காலியாக விட்ட கட்டம்

விவசாய வளர்ச்சிக்கும் நிலச் சீர்திருத்தத்துக்கும் கூட்டு வியூகம் வகுக்க, மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் எட்டாவது கூட்டம் நடந்தது. முந்தைய ஏழு கூட்டங்களும் வகுத்த ஒரே வியூகம், எட்டாவதைக் கூட்டுவதுதான்.

கூட்டம் நடந்த புது மண்டபத்தில் சுவர்ச் சாய வாடை இன்னும் போகவில்லை. அமலோற்பவம் வந்தது அரை ஏக்கர் நிலம் கேட்டு. கிடைத்தால்தான், ஒரு வருடமாக மூடிக் கிடக்கும் தன் கீரைக் கடையைத் திறக்க முடியும்.

செயலாளர் ரூபேந்திரன் அவருடைய விண்ணப்பப் பாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு முன்ன பயிர் செஞ்ச இடம் எதுன்னு கேட்டிருக்கு. காலியா விட்டுட்டீங்களே அக்கா. அனுபவம் காட்டாம நிலம் கேட்டா எப்படி லா?"

"எழுதினா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டேன் தம்பி."

"எனக்கென்ன சங்கடம்?"

வெளியே மழை கொட்டத் தொடங்கியது.

"அந்த மூலையில இருக்கிறவங்கள எழுந்திருக்கச் சொல்லுங்க தம்பி. தண்ணி ஏறும்."

"அவங்கதான் நிபுணருங்க. அவங்க மண்ணைச் சோதிச்ச பிறகுதான் இந்த மண்டபத்தையே கட்டினோம்," என்று ரூபேந்திரன் சிரித்தார்.

தேநீர் வருவதற்குள் மூலையில் தண்ணீர் வந்துவிட்டது. நிபுணர்கள் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

"அலமாக். உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று ரூபேந்திரன் திகைத்தார்.

அமலோற்பவம் பாரத்தை வாங்கி, காலிக் கட்டத்தில் அந்த மண்டபத்தின் முகவரியை எழுதினார்.

"பதினாறு வருஷம் தம்பி. மேடை இருக்கிற இடத்துல வெண்டி. அந்த மூலை பள்ளம், அதனால கங்கோங் கீரை."

ரூபேந்திரன் தன் காலடியைப் பார்த்தார்.

"அது கத்தரிப் பாத்தி. பரவாயில்ல, நில்லுங்க."