கண்ணகை மச்சாளின் முழங்கால்

"ஐயோ, என்ட முழங்கால்! இதுக்கு மேல ஒரு அடி ஏலாதுகா!"

வீட்டுப் படலையைத் தாண்டி அரை மைல்கூட வரவில்லை. அதற்குள் கண்ணகை மச்சாள் தெருவோர வேப்பமரத்தடியில் தொப்பென்று குந்திவிட்டாள்.

தக்ஷாயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருத்தக்காரி ஆர், நானா இவவா?

சண்டை முடிந்து வந்த முதல் தீர்த்தத் திருவிழா. செட்டிபாளையத்தில் இருந்து களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குச் சனம் சாரிசாரியாக நடந்துகொண்டிருந்தது. தக்ஷாயினி வைத்திருந்ததும் நடை நேர்த்திதான். இரத்தப் புற்றுநோய் என்று போன வருசம் மகரகமை ஆசுபத்திரியில் கிடந்தபோது வைத்தது. 'பிழைச்சு வந்தா என்ட காலாலயே நடந்து உன்ட தீர்த்தத்துக்கு வாறன், அப்பனே!'

பிழைத்து வந்தாள். நோய் போய்விட்டது, களைப்புத்தான் போகவில்லை. கிணற்றில் இரண்டு வாளி அள்ளினாலே நெஞ்சு படபடக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? பீட்ரூட்டோடு ஒருத்தி வந்தாள், முருங்கையிலையோடு ஒருத்தி, ஆட்டு ஈரலோடு இன்னொருத்தி. மூன்று மாதம் தின்று நாக்குத்தான் சிவந்தது. இரத்த அளவு எட்டிலேயே நின்றது.

கிளினிக்கில் டொக்டர் சிரித்துவிட்டார்.

"சாப்பாட்டில குறையில்ல, தங்கச்சி. வயல் வட்டையில புல்லுக்கு மருந்தடிச்சா நெல்லும் கொஞ்சம் வாடும்தானே? எலும்புக்குள்ள இரத்தம் விளையிற இடமும் அப்படித்தான் வாடிப்போய்க் கிடக்கு. திரும்ப விளைய நாளெடுக்கும். சிவப்பணு குறைஞ்சா மூச்சுக்காத்தை உடம்பெல்லாம் சுமந்துபோக ஆள் காணாது. அதுதான் மூச்சு இளைக்குது."

"கோயிலுக்கு நடக்கலாமா, டொக்டர்?"

"மெல்ல நடங்க. இளைக்க வெளிக்கிட்டா உடனே குந்திரோணும். கட்டாயம்."

அந்தக் கட்டாயம்தான் தக்ஷாயினிக்கு ஒத்துவரவில்லை. ஒரு வருசமாகக் காண்கிற சனமெல்லாம் 'பாவம், களைப்பா புள்ள? குந்து புள்ள' என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லே அவளுக்கு வேப்பெண்ணெயாகக் கசந்துபோயிருந்தது.

"ஊர்ச்சனத்துக்கு முன்னால நான் குந்தவே மாட்டன். விழுந்தாலும் கோயிலடியிலதான் விழுவன்" என்று புருசனிடம் சொல்லிவிட்டாள்.

அவன் பயந்துபோய்த் தன் அக்காவைத் துணைக்கு அனுப்பினான். வாய்த்தது இந்தத் துணை!

"பாத்துக்கொண்டு நிக்கிறாயே! இஞ்ச வந்து குந்தி இந்த முழங்காலைக் கொஞ்சம் உருவிவிடன்கா."

என்ன செய்வது, புருசனின் அக்கா. தக்ஷாயினி பக்கத்தில் குந்தி உருவினாள். ஐந்து நிமிசம் கழித்துத்தான் மச்சாள் எழும்பினாள்.

மறுகா, மாங்காட்டில் ஒரு கடை வாங்கில் குந்தினாள். அதற்கப்பால், சுனாமிக்குப் பிறகு வெள்ளைக்காரர் கட்டித்தந்த பஸ் தரிப்பிடம். அங்கே மச்சாள் நீட்டி நிமிர்ந்து படுத்தே விட்டாள்.

"நல்ல குளிர்ச்சியான சீமெந்துகா! உருவு, உருவு."

செக்பொயின்டில் அடையாள அட்டையைக் காட்டிய கையோடு மண்மூட்டையில் ஏறிக் குந்தினாள். ஆமிக்காரனே சிரித்துவிட்டான்.

பின்னால் வந்த பெண்டுகள் சும்மா போகவில்லை.

"இதென்ன அநியாயம்! வருத்தக்காரி கிண்ணெண்டு நிக்கிறாள், கண்ணகையக்கா சுருண்டு கிடக்கிறா!"

"தக்ஷா, நீதான் அவவைத் தூக்கிக்கொண்டு போகோணும் போல!"

தக்ஷாயினிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஒரு வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் ஒருத்தரும் அவளைப் பாவம் என்று சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பறைமேளம் கேட்கத் தொடங்கிவிட்டது. தேத்தாத்தீவில் மச்சாள் ஐந்தாம் தரமும் "ஐயோ!" என்று குந்தியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தீர்த்தம் முடியப்போகுது, மச்சாள்! நீங்க ஒரு ஓட்டோ பிடிச்சு வாங்களன். நான் முன்னுக்குப் போறன்."

"போ, போ! புருசன்ட அக்காவைத் தெருவில போட்டுட்டுப் போனாளாம் எண்டு ஊர் சொல்லட்டும். பிள்ளையாரும் பாத்துக்கொண்டுதான் இருப்பார்."

தக்ஷாயினி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் குந்தி உருவினாள்.

ஆனாலும் பிள்ளையார் கைவிடவில்லை. அவர்கள் போய்ச் சேரவும் சுவாமி தீர்த்தத்துக்கு இறங்கவும் சரியாக இருந்தது. "அரோகரா!" என்று சனம் எழுப்பிய சத்தத்தில் அவளும் தொண்டை கிழியக் கத்தினாள். தீர்த்தம் முகத்தில் பட்டபோது கண்ணீர் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. வந்துவிட்டாள். அவள் சொன்னபடியே, அவள் காலாலேயே!

திரும்பும்போது பஸ்தான். தரிப்பிடத்தில் திருவிழாச் சனம் முழுவதும் நின்றது. தூரத்தில் பஸ் தெரிந்ததும் ஆளை ஆள் தள்ளத் தொடங்கினார்கள்.

"இதில எங்க மச்சாள் ஏறுறது?" என்று கேட்டபடி தக்ஷாயினி திரும்பினாள்.

மச்சாளைக் காணவில்லை.

சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு இளந்தாரிகளை முழங்கையால் விலக்கி, இன்னும் நிற்காத பஸ்ஸுக்குப் பின்னால் மச்சாள் ஓடிக்கொண்டிருந்தாள்! ஒரே பாய்ச்சலில் மிதிபலகை. அடுத்த நிமிசம் யன்னலுக்கு வெளியே தலை தெரிந்தது.

"கெதியா வாகா! யன்னல் சீட் பிடிச்சு வச்சிருக்கன்!"

தக்ஷாயினி மெல்ல மெல்ல ஏறி வந்து பக்கத்தில் இருந்தாள். மச்சாளுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"மச்சாள்... உங்கட முழங்கால்?"

கண்ணகை மச்சாள் திருதிருவென்று முழித்தாள். செருகிய சீலையை மெதுவாக இறக்கிவிட்டாள். பிறகு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது நீ இளைக்கிற நேரம் மட்டுந்தான்கா நோகும்."