ஆட்சேபணை இல்லை

"முதல்ல யார் யார் வந்திருக்கோம்னு எழுதிக்குங்க கமா. அப்புறம் டீ வரட்டும்," என்றார் கமிட்டித் தலைவர்.

எழுத்தர் எழுதினார். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் கணக்கு அதிகாரி, இடப்பக்கம் நூலகர் அம்மா. கம்ப்யூட்டர் துறைத் தலைவரின் நாற்காலி காலி; பல்கலைக்கழகத்துக்குக் கணினி வாங்கும் கமிட்டியில் கணினி தெரிந்த ஒரே மனிதர் அன்று விடுப்பு. மேஜையின் கடைசியில், கழுத்தில் மஃப்ளர் சுற்றிய வரலாற்று ஆசிரியர். அவர் உறுப்பினர் அல்ல, பதினான்காவது பொருளைக் கேட்டு விண்ணப்பித்தவர். சுவரோரம் எழுத்தர். கடிதத்தில் ஒரு கமா இடம் மாறினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிப்பவர் என்பதால், இருபத்தாறு வருடமாக எல்லாருக்கும் அவர் 'கமா'தான்.

பதின்மூன்று பொருள்கள் பத்து நிமிடத்தில் தேறின. தலைவர் மேஜைக்கு இரண்டு திரை. நூலகர் அம்மாவுக்கு டேப்லெட். கணக்கு அதிகாரிக்குக் கலர் பிரிண்டர். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"பதினாலு. மென்பொருள் ஒண்ணு, ஒருத்தர் உபயோகத்துக்கு." கணக்கு அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பேரே வாயில நுழையல. எதுக்காம் இது?"

"வகுப்பு எடுக்கன்னு போட்டிருக்கு சார். மீதி விவரம் இணைப்புல இருக்கும்," என்றார் கமா.

உறுப்பினர்கள் முன்னால் முதல் பக்கத்தை மட்டும் வைப்பது அவருடைய ஏற்பாடு. இணைப்புகள் நாடா கட்டித் தனிக் கோப்பில் தூங்கும். கூட்டம் சீக்கிரம் முடிகிறது என்று தலைவரே பாராட்டியிருக்கிறார்.

"சரித்திரம் நடத்த சாஃப்ட்வேரா? செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் அப்டேட் வரப்போகுதா?" என்று கேட்டார் கணக்கு அதிகாரி.

தலைவர் குலுங்கிச் சிரித்தார். அவர் சிரித்ததால் கமாவும் சிரித்தார்.

"ஆறு மாசம் லீவுல இருந்துட்டு வந்ததும் வராததுமா கையை நீட்டுறார் பாருங்க," என்று அவரே தொடர்ந்தார்.

"பாவம் சார்," என்றார் நூலகர் அம்மா. "ஒண்ணாம் தேதிக்குள்ள கிளாஸ் எடுக்க ஆரம்பிக்கலேன்னா வேலையே போயிடுமாம். முதல் பக்கத்துலயே எழுதியிருக்கார்."

"அப்ப அவரே சொல்லட்டுமே," என்றார் தலைவர். "சொல்லுங்க சார், இது இல்லாம வகுப்பு எடுக்க முடியாதா? நாங்கல்லாம் வெறும் சாக்பீசை வச்சுத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

வரலாற்று ஆசிரியர் எழுந்து நின்றார். மஃப்ளர் முடிச்சில் கை வைத்தார்.

"குளிருது போல. ஏசியைக் கொஞ்சம் குறைங்க," என்றார் தலைவர்.

ஆசிரியர் வேகமாகத் தலையாட்டி மறுத்து, கமாவின் மடியில் இருந்த கோப்பைச் சுட்டிக் காட்டினார்.

"ஃபைல்ல இருக்கறது எங்களுக்கும் தெரியும். துரை வாயைத் திறந்து நாலு வார்த்தை கேக்க மாட்டீங்களோ?" என்றார் கணக்கு அதிகாரி.

ஆசிரியர் பேனாவை எடுத்து, ஒரு துண்டுத் தாளில் மளமளவென்று எழுதித் தலைவர் பக்கம் தள்ளினார். அதற்குள் டீ வந்துவிட்டது. தலைவர் டம்ளரை அந்தத் தாளின் மேல் வைத்தார்.

"எழுத்துல குடுக்கறதெல்லாம் கமாகிட்ட குடுங்க. உங்களைப் பேசத்தான் கூப்பிட்டோம்."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் கணக்கு அதிகாரி. "அவருக்கே அக்கறை இல்லை, நமக்கென்ன வந்தது? தள்ளுபடி பண்ணிடலாம்."

"பண்ணலாம். நாளைக்கு மேலிடத்துல போய்ப் புகார் குடுத்தார்னா?" என்றார் தலைவர்.

கமா தொண்டையைச் செருமினார். "'விண்ணப்பதாரர் நேரில் வந்திருந்தும், எவ்வித ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை'ன்னு ஒரு வரி போட்டுட்டா, அப்புறம் யாரும் கேள்வி கேக்க முடியாது சார்."

"அடேயப்பா! இதுக்குத்தான்யா நமக்கு ஒரு கமா வேணும்கறது. மௌனம் சம்மதம்! எழுதுங்க."

ஆசிரியர் மேஜையை இரண்டு முறை ஓங்கித் தட்டினார். டம்ளர்கள் ஆடின.

"கோபம் மட்டும் வருது," என்றார் கணக்கு அதிகாரி.

ஆசிரியர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டார். நூலகர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, டேப்லெட் என்ன நிறத்தில் வரும் என்று கேட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகு கமா ஆசிரியருக்கான தள்ளுபடிக் கடிதத்தை அடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். வழக்கம்போல ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். 'எவ்வித ஆட்சேபணையும் தெரிவிக்கவில்லை' என்ற வரி, ஆளில்லாத அறையில் அவர் குரலில் கம்பீரமாக ஒலித்தது. மடித்து உறைக்குள் போட்டார். பசையை எடுக்க மேஜையை ஒதுக்கியபோது, தலைவரின் டம்ளரோடு அந்தத் துண்டுத் தாளும் ஒட்டிக்கொண்டு வந்தது. டீ வட்டத்துக்கு நடுவில் எழுத்து கொஞ்சம் கரைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

'புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நான் எழுதுவதைப் பேசிக் காட்டும் மென்பொருள் அது. இனி எனக்கு வாய் அதுதான்.'

கமா ஈரத்தைத் துடைத்து, தாளின் மூலையில் 'இணைப்பு – 7' என்று எண் போட்டுக் கோப்பில் சேர்த்து நாடாவைக் கட்டினார். பிறகு உறையின் வாயில் பசை தடவி, அழுத்தி ஒட்டி, தபாலுக்கு அனுப்பினார்.