கூட்டலில் விட்ட ஏழு

"அந்த டீச்சரைக் கோர்ட்டுக்கு இழுத்து ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும் சார்!" என்று விடைத்தாளை வக்கீலின் மேசைமேல் வைத்தார் லாரி டிரைவர்.

"பெயிலானது பையனா, பொண்ணா?"

"நான்தான் சார். ஓட்டுற வேலையை விட்டுட்டு மாலைப் பள்ளியில பத்தாவது சேர்ந்தேன். பள்ளிக்கூடமே வச்ச பரீட்சையில, அந்த டீச்சரே திருத்தி, கணக்குல முப்பத்திநாலு. ஒரே ஒரு மார்க்ல கவுத்துட்டாங்க."

வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளே போட்டிருந்த மதிப்பெண்களைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"நாற்பத்தொண்ணு வருதே! கணக்கு டீச்சருக்கே கூட்டத் தெரியலையா? கேஸ் கண்டிப்பா நிக்கும். ஆமா, அவங்களுக்கு உங்க மேல ஏதாவது பகையா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என் பொண்ணு சார். அவளா பார்த்துப் பண்ணிக்கிட்ட கல்யாணத்துக்கு நான் போகலை. ஒன்பது வருஷமா பேச்சே இல்லை. அவ குரலையாவது கேக்கலாம்னுதான் முதல் பெஞ்சுல போய் உக்காந்தேன். வருஷம் பூரா 'பதினேழு'ன்னு நம்பரைத்தான் கூப்பிட்டா. கடைசியில இப்படிப் பழி வாங்கிட்டா."

வக்கீல் பேனாவை மூடினார்.

"பாஸாகியிருந்தா?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு. அப்புறம் அங்க எனக்கென்ன வேலை?"

"பெயிலானா?"

"இன்னும் ஒரு வருஷம் அவ கிளாஸ்லயே..."

டிரைவர் விடைத்தாளை மெல்ல எடுத்து, கசங்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கேஸ் வேண்டாம் சார். பள்ளிக்கூடம் என்னிக்குத் திறக்குறாங்க?"