கத்தியின் குற்றம்

கன்றின் காது நுனியிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது.

சாலிஹ் ஒஸ்தா சாம்பலை அப்பிப் பார்த்தார். கோப்பித்தூளை வைத்து அமத்திப் பார்த்தார். துணியால் இறுக்கிக் கட்டியும் பார்த்தார். துணி நனைந்து, சொட்டுத் தொடர்ந்தது.

மகனுக்குச் சுன்னத்து வைக்க வந்த ஒஸ்தாவைப் பிடித்து, முதலில் மாட்டுக்கன்றின் காதை வெட்டச் சொன்ன தகப்பன் கல்முனைக் கரையிலேயே அப்துல் ஹமீட் போடியார் ஒருவராகத்தான் இருப்பார்.

அதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. எதற்குத்தான் அவரிடம் இல்லை?

வீட்டுப் பசு வெள்ளச்சி ஈன்ற ஆண்கன்றுகள் ஒன்றும் தங்கவில்லை. முதலாவது, இன்னாருடைய மாடு என்று தெரிய காதுக்குறி வெட்டிய அன்று இரத்தம் வடிந்தே செத்தது. வெட்டியவனின் கைராசி சரியில்லை என்றார் போடியார். அடுத்ததைக் காது வெட்டாமல் வளர்த்தார். அது மூக்குக் கயிறு குத்திய அன்று போனது. பக்கத்து வளவுக்காரியின் கண்ணூறு என்றார். இன்னொன்று முள்ளுக்கம்பியில் கிழித்துக்கொண்டு செத்தபோது, புது அணைக்கட்டுத் தண்ணீர் மாடுகளின் இரத்தத்தை இளக்கிவிட்டது என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். அதே தண்ணீரைக் குடித்த ஊர் மாடுகள் ஆறுதலாக அசைபோட்டுக்கொண்டு நின்றன.

பிறகு சினைக்கு விட்ட காளையை, அந்த நாம்பனைப் பிடித்தார். அது வீரமுனை வேலப்போடியுடையது. கெட்ட இரத்தத்தை என் பட்டிக்குள் விட்டுவிட்டாய் என்று அவருடைய வாசலில் போய்ச் சத்தம் போட்டார். வேலப்போடி அவரை வயலுக்குக் கூட்டிப்போய், அந்த நாம்பனுக்குப் பிறந்த கன்றுகளைக் காட்டினார். எல்லாம் காது வெட்டிய கன்றுகள். எல்லாம் துள்ளிக்கொண்டு நின்றன. நாம்பனை மாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டு போடியார் திரும்பி வந்தார்.

வெள்ளச்சியின் பசுக்கன்றுகளுக்கோ வெட்டிய காது இரண்டொரு நாளில் ஆறிப்போகும். அது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

குடி என்கிற வம்சம் இந்தப் பக்கத்தில் தாய்வழியில்தான்; பிள்ளைக்குத் தாயின் குடிதான் குடி. போடியார் குடியிருப்பது பெண்சாதியின் வீட்டில். குடிப்பது பெண்சாதி சீதனமாகக் கொண்டுவந்த வெள்ளச்சியின் பால். பெற்ற மகன் றவூபைக்கூடப் பள்ளிவாசலில் உம்மாவின் குடியைச் சொல்லித்தான் விசாரிப்பார்கள். மனிதருக்கெல்லாம் தாய்வழி பார்க்கிற ஊரில், மாட்டுக்கு மட்டும் தகப்பனைத் தேடி வீரமுனை வரைக்கும் போனார் மனுஷன்.

இப்போது பிடிபட்டிருந்த குற்றவாளி கத்தி. துருப்பிடித்த கத்தியால் வெட்டினால் இரத்தம் எப்படி நிற்கும்? ஒஸ்தாவின் கத்தி மயிரைப் பிளக்கும். மகனின் சுன்னத்துக் கல்யாணத்தன்று அவனுக்கு வெள்ளச்சியின் புது ஆண்கன்று பரிசு. அதன் காதில் தன்னுடைய குடிக்குறி. அந்த வீட்டில் அவருடைய குடியைத் தாங்கப்போவது அந்தக் காது ஒன்றுதான்.

“கழுவினாத் தீருதுதானே ஒஸ்தா. முதல்ல இந்தக் கண்டுட காதுல ஒரு வெட்டு வெட்டுங்க” என்று அவர் சொன்னபோது பந்தலில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கன்று முன்னங்கால்களை மடித்துப் படுத்துவிட்டது.

ஒஸ்தா சுடுதண்ணீரில் கத்தியைக் கழுவினார். துடைத்தார். பிள்ளையைக் கொண்டுவரும்படி வீட்டைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. போடியார் தட்டினார். கைருன்னிஸா ஒரு சாண் திறந்தாள். கன்றை வெட்டவேண்டாம் என்று விடிந்ததிலிருந்து அழுதவள் அவள். மாட்டுக்காக அழுகிற பெண்சாதி என்று அவளைப் பற்றியும் பந்தலில் சொல்லிச் சிரிக்கவைத்திருந்தார்.

அவளுக்குப் பின்னால் புதுச்சாரத்தோடு றவூப் நின்றான். அவனுடைய முழங்கால் வழக்கம்போல வீங்கி நீலம் பாய்ந்திருந்தது. அதற்குப் போடியார் பள்ளிக்கூட வாத்தியாரின் பிரம்பைக் குற்றம் சொல்லியிருந்தார்.

“எங்கட உம்மா பெத்த காக்காமார் ரெண்டு பேரும் ஊருக்குச் சொன்ன மாதிரிக் காய்ச்சல்ல மௌத்தாகல்ல” என்றாள் கைருன்னிஸா. “சுன்னத்து வெச்ச அண்டைக்கு, அந்தக் கண்டுக்குப் போல, ரெத்தம் நிக்கவேயில்ல. வெளிய தெரிஞ்சா எங்கள ஆரும் கல்யாணம் முடிக்கமாட்டாங்க எண்டு உம்மா சொல்ல உடல்ல.”

போடியார் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். மகனின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு முற்றத்துக்கு வந்தார். ஒஸ்தாவின் கையிலிருந்து கத்தியைப் பறித்தார்.

“மொட்டக் கத்தி! கண்டயே கொன்டு போட்ட இந்தக் கத்தியால என்ட மகனத் தொட உடமாட்டன். எல்லாரும் திண்டுட்டுப் போங்க!”

பந்தல் மறுபடியும் சிரித்தது. போடியாருக்கு இன்றைக்குக் குற்றவாளி கத்தி என்றார்கள். ஊரில் பாதி ஆண்களுக்குச் சுன்னத்து வைத்த ஒஸ்தா, கண் கலங்கித் தலையைக் குனிந்துகொண்டார்.

பறித்த வேகத்தில் கத்தி போடியாரின் பெருவிரலைக் கீறியிருந்தது. எரிந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

குனிந்து பார்த்தார். கொஞ்சம் கசிந்து, கசிந்த இடத்திலேயே உறைந்து, இரத்தம் நின்றுவிட்டது.

ஒருவரும் காணாதபடி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.