கரி பிடித்த பைப்

சங்கரி மேசைமேல் வைத்த எக்ஸாஸ்ட் பைப் முழுக்கக் கரி பிடித்திருந்தது. மாமல்லபுரத்தில் படகு இன்ஜின் சாமான் விற்கும் கலையரசன் அதில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

“காந்தம் ஒட்டலன்னா நல்ல ஸ்டீலுன்னு சொல்லித்தாண்ணா வித்தாங்க.”

“அதான் டுபாக்கூர் வேல. மட்ட ஸ்டீல்லயும் ஒட்டாது. உப்புத் தண்ணி பட்டா மூணே மாசம்.” வெல்டிங் விரிசலில் நகத்தை நுழைத்துக் காட்டினார். “இது வழியா கேபினுக்குள்ள புகை பூந்தா, தூங்கறவன் எழுந்திரிக்கவே மாட்டான்.”

“என் தம்பி எழுந்திரிக்கலண்ணா. குடிச்சிட்டுச் செத்தான்னு குப்பமே பேசுது. அவன் குடிச்சதே இல்ல.”

“அடப்பாவி! எனக்குப் போட்டியா கடை போட்டானே, அந்த பைபாஸ் கடைக்காரன்தான வித்தான்?”

சங்கரி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சொன்னதெல்லாம் எழுதித் தர்றீங்களாண்ணா? நான் சொன்னா எவனும் நம்பல.”

“எழுதறேம்மா. அவன் கடைய இழுத்து மூடணும்.”

இருபது வருட அனுபவம் என்று தொடங்கி, தெரிந்தே செய்த கொலை என்று முடித்தார். கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையையும் குத்தினார்.

“வித்தவன் பேருக்கு எடம் வுட்டுகீறேன். இன்னா பேரு, சொல்லு?”

சங்கரி தாளை எடுத்து மடித்துக்கொண்டாள்.

“உங்க பேருதாண்ணா. தம்பி இந்தக் கடையிலதான் வாங்கினான். குப்பத்து ஆளுங்க வெளிய நிக்கறாங்க. வாங்க, நீங்களே படிச்சுக் காட்டுங்க.”