கேட்ட கேள்வி
கைலாசநாதர் கோயில் புல்வெளியில் மாலை வெயில் சாய்கிறது. ஞாயிறுதோறும் நண்பர்கள் மூவரும் இங்கே உட்கார்ந்து வரலாற்றுக் கேள்விகள் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்பவர் ஒரு மாதம் வரக்கூடாது. அரைத்ததையே அரைக்காமல் இருக்க அவர்களே போட்ட விதி. பகலெல்லாம் தறியில் இருந்த தேவேந்திரனின் கால்கள் புல்லிலும் மிதிகட்டையை மிதிப்பதுபோல் அசைகின்றன. இந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான் அவர் வாரத்தை ஓட்டுகிறார். “காஞ்சியப் புடிச்சும் கொள்ளையடிக்காம, இந்தக் கோயில்ல கல்வெட்டு வெட்டிட்டுப் போன சாளுக்கிய ராஜா யாரு?” போன வாரம் ஷாரோன் கேட்டு, தேவேந்திரனே பதில் சொன்ன கேள்வியை இப்போது அவரே கேட்கிறார். முனிரத்தினம் விதியை நினைவூட்டச் சிரித்தபடி விரலை உயர்த்துகிறார். ஷாரோன் முந்திக்கொள்கிறாள். “தெரிலண்ணா, நீங்களே சொல்லுங்க.” உயர்ந்த விரல் மெல்ல இறங்கித் தலையைச் சொறிகிறது. “எனக்கும் தெரிலபா.” தேவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கத் தொடங்குகிறார். கால்களின் அசைவு நின்றுவிடுகிறது.