பாத்தியில் கிடைத்த புரூச்

மேசையின் ஜன்னல் பக்கம் ஹேசல் உட்கார்ந்திருந்தாள், அடுப்புப் பக்கம் அவள் கணவன் நைஜல். நடுவே ஒரு தட்டில், உருளைக்கிழங்கு நடத் தோண்டியபோது அவளுக்குக் கிடைத்த, பச்சை பூத்த செம்புப் புரூச், உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி.

"ரோமானியர் காலத்துதுதான்," என்றான் நைஜல். "ஜூன்ல உன் தங்கச்சி மக கல்யாணத்துக்குக் கோட்டுல குத்திக்கோ."

ஹேசலுக்கும் அந்த ஆசைதான். "முதல்ல மியூசியத்துல பதிவு பண்ண வேண்டாமா?"

"இது தங்கமா, வெள்ளியா? செம்புக்குச் சட்டப்படி கட்டாயம் இல்ல. அங்க அனுப்பினா ஜூனுக்குள்ள திரும்பாது. போன வருஷம் வந்ததே இன்னும் டிராயர்ல தூங்குது."

"கிடைச்சதைக் கொண்டுவந்து காட்டுங்கன்னு ஊர் ஊராப் போய் அந்த அதிகாரி கெஞ்சுறாரே?"

"அது அவர் பிழைப்பு. கெஞ்சத்தான் செய்வார்."

"அவர் பேச்சை நம்பி ஊரே குடுக்குது. நான் மட்டும் ஒளிச்சு வைக்கவா?"

நைஜல் டீக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கிடைத்த இடம், ஆழம், தேதி எல்லாவற்றையும் ஹேசல் ஒரு கடிதத்தில் எழுதினாள். புரூச்சைப் பஞ்சில் சுற்றி, கடிதத்தோடு உறைக்குள் வைத்து, மேலே விலாசம் எழுதினாள்: 'திரு. நைஜல் ப்ரூம், தொல்பொருள் பதிவு அதிகாரி, மாவட்ட அருங்காட்சியகம்.'

"கையிலேயே குடேன். திங்கக்கிழமை ஆபீசுக்கு நானே எடுத்துட்டுப் போறேன்," என்றான் நைஜல்.

"வேண்டாம். எல்லாரையும் போல நானும் வரிசையில நிக்கிறேன். ஆனா, வரிசை ஜூனுக்குள்ள நகரணும்."

உறையை ஒட்டி எடுத்துக்கொண்டு போய், தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டாள்.